மருத்துவ ஆய்வுகளில் வரும் புள்ளியியல் சொற்கள்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற நலவாழ்வுக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எனக்கு முன்னர் இரண்டு மருத்துவர்கள் இதய நோயைப் பற்றியும் சர்க்கரை நோயைப் பற்றியும் விளக்கமாகப் பேசினார்கள். அவர்களுக்குப் பின்னால், மருத்துவம் படிக்காத என்னைப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால், ‘இந்த மருந்து பயன் தரும்’ என்று ஒருவர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்க வேண்டிய கணக்கு என்ன என்பதைச் சொல்ல முடியும். அதைச் சொல்லத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று என் வீட்டிலேயே நடந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் காக்காவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டது. இறையருளால் பிழைத்துக்கொண்டார். மருத்துவர் வேறு மருந்துகளுடன், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரை ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். காக்கா அதைத் தவறாமல் எடுத்து வந்தார். ஒருநாள் உறவினர் ஒருவர் தம் கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டினார். ‘இந்த மாத்திரையால் நூறு பேரில் மூன்று பேருக்கே பயன்’ என்று அதில் எழுதியிருந்தது. அதே வாரத்தில் மூலிகைப் பொடி விற்கும் ஒருவர் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார். ‘கொழுப்பு 50 விழுக்காடு குறைகிறது, மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்பது அதன் வாசகம். காக்கா இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐம்பது பெரியது, மூன்று சிறியது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறினார். வீட்டில் ஒரு புள்ளியியல் ஆசிரியர் இருந்தும் என்னிடம் கேட்கவில்லை. எட்டு மாதங்கள் கழித்து இரண்டாவது மாரடைப்பு வந்தது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு அவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, நீ கணக்குப் படித்தவனாயிற்றே. நான் மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் இது வந்திருக்காதா?” அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இந்த உரையின் இறுதியில் கூறுகிறேன். அதற்குமுன், அந்த ஐம்பதையும் மூன்றையும் எப்படிப் படித்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

எதனோடு ஒப்பிட்டார்கள்?

‘குறைந்தது’ என்று யாராவது சொன்னால், ‘எதைவிடக் குறைந்தது?’ என்று கேட்க வேண்டும். பொடியைச் சாப்பிடுவதற்கு முன் இருந்த அளவைவிட என்பது அவர்கள் பதிலாக இருந்தால், அது போதாது. கொழுப்பு மிக அதிகமாக இருக்கிறது என்று தெரிந்த நாளில்தான் ஒருவர் மருந்தைத் தேடிப் போகிறார். இரத்தப் பரிசோதனை அளவுகள் இயல்பாகவே ஏறி இறங்கக் கூடியவை. மிக உயர்ந்த அளவு காட்டியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்தால், எதுவும் கொடுக்காமலேயே அவர்களில் பலருக்கு அளவு குறைந்திருக்கும். இதனைப் புள்ளியியலில் ‘சராசரியை நோக்கித் திரும்புதல்’ என்கிறோம். அதோடு, பயந்து போனவர் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்திருப்பார்; காலையில் நடக்கவும் தொடங்கியிருப்பார். பெருமை மட்டும் பொடிக்குப் போய்விடும்.

ஆகவே, மருந்து பெறாத மற்றொரு குழுவும் அதே காலத்தில், அதே முறையில் கவனிக்கப்பட வேண்டும். அதற்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அந்த எண்ணுக்கு நாம் பொருள் கொள்ள இயலாது.

யாருக்கு எது என்று தீர்மானித்தவர் யார்?

இரண்டு குழுக்கள் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தம்மையறியாமல் தெம்பான நோயாளிக்குப் புதிய மருந்தையும் நலிந்தவருக்குப் பழைய மருந்தையும் கொடுத்துவிடக் கூடும். பிறகு வரும் வேறுபாடு மருந்தினால் வந்ததா, ஆளினால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. எனவே, நாணயம் சுண்டுவது போல, யாருடைய விருப்பமும் தலையிடாத முறையில் நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். இதுவே சமவாய்ப்பு ஒதுக்கீடு. ஆங்கிலத்தில் ரேண்டமைசேஷன் என்பர்.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்த ஆய்வு. அதன் முடிவுகள் 1948ஆம் ஆண்டு வெளிவந்தன. ஒதுக்கீட்டு முறையை வகுத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்னும் புள்ளியியலாளர். 55 பேர் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர். 52 பேர் படுக்கை ஓய்வு மட்டும் பெற்றனர். ஆறு மாதங்களில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாவது குழுவில் 14 பேரும் இறந்தனர். குழுக்கள் சமவாய்ப்பில் பிரிக்கப்பட்டிருந்தமையால் இந்த வேறுபாட்டுக்கு மருந்தைக் காரணமாகச் சொல்ல முடிந்தது.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமைக்குரிய பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், அக்காலத்தில் எவரும் துணியாத ஒரு கேள்வியை எழுப்பியது. காசநோயாளி சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தால்தான் குணமாவார் என்று உலகமே நம்பியது. ஏழைகளுக்கோ அங்கே இடமில்லை. ஒரே மருந்துகளைக் கொடுத்து, சமவாய்ப்பு முறையில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றொரு பகுதியினரைச் சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு சிகிச்சை அளித்தனர். 1959இல் முடிவு வெளியானது. நோய்க்கிருமி அடங்கிய நிலையை அடைந்தவர்கள் வீட்டுக் குழுவில் நூற்றுக்கு 86 பேர்; சானடோரியக் குழுவில் 92 பேர். நெருக்கடியான சிறு வீடுகளிலும் மருந்து தன் வேலையைச் செய்தது. வீட்டில் சிகிச்சை பெற்றதனால் குடும்பத்தாருக்கு நோய் பரவும் ஆபத்து கூடுதலாகவும் இல்லை. காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மருந்து உட்கொள்ளும் இன்றைய நடைமுறைக்கு அடித்தளமிட்ட ஆய்வுகளுள் இது தலையாயது. சென்னைச் சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அந்த மையம் இன்றும் இயங்கி வருகிறது.

வெற்று மருந்தும் மறைப்பும்

மாத்திரையை விழுங்கினோம் என்ற நம்பிக்கையே சிலருக்குத் தெம்பைத் தரும். அதைக் கழித்துப் பார்ப்பதற்காக, ஒப்பீட்டுக் குழுவுக்குத் தோற்றத்தில் அதே போன்ற, ஆனால் மருந்துப் பொருள் இல்லாத மாத்திரையைக் கொடுப்பதுண்டு. இது பிளாசிபோ எனப்படும் வெற்று மருந்து. எது யாருக்குக் கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது என்றால் அது இரட்டை மறைப்பு ஆய்வு. வெற்று மருந்து கொடுக்க இயலாத இடங்களில், முடிவை மதிப்பிடுகிறவருக்காவது குழு தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். நான் குறிப்பிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு அவை எந்தக் குழுவினருடையவை என்று தெரியாது.

எதை அளந்தார்கள்?

ஆய்வின் பயனை எதைக்கொண்டு அளப்பது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதை முடிவுப் புள்ளி என்கிறோம். இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை நோயாளியின் வாழ்வோடு நேரடியாகத் தொடர்புடைய முடிவுப் புள்ளிகள். இரத்தக் கொழுப்பின் அளவு அப்படிப்பட்டதன்று. அது ஒரு பதிலிக் குறி மட்டுமே. குறி நன்றாக இருந்தால் நோயாளியும் நன்றாக இருப்பார் என்பது எப்போதும் உண்மையாவதில்லை.

டார்செட்ரபிப் என்ற மருந்தின் வரலாறு இதற்குச் சான்று. அது ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். அளவை 72 விழுக்காடு உயர்த்தியது; ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். அளவை 25 விழுக்காடு குறைத்தது. பரிசோதனைத் தாளைப் பார்த்தால் இதைவிடச் சிறந்த மருந்து இல்லை என்றே தோன்றும். ஆனால் 15,067 பேர் பங்கேற்ற ஆய்வில், ஏற்கெனவே கொடுத்து வந்த ஸ்டேட்டினோடு இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 93 பேர் இறந்தனர். ஸ்டேட்டின் மட்டும் பெற்றவர்களில் இறந்தவர்கள் 59 பேர். 2006 டிசம்பரில் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. தாளில் உள்ள எண் சீரானது. ஆனால் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள். ஆகவே துண்டறிக்கையில் ‘கொழுப்பு குறைகிறது’ என்று கண்டால், ‘மாரடைப்பு குறைகிறதா? இறப்பு குறைகிறதா?’ என்று கேளுங்கள்.

விழுக்காடு எதன் விழுக்காடு?

இப்போது காக்காவைக் குழப்பிய மூன்றுக்கு வருவோம். அந்த மூன்று பொய்யன்று. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளில் நடந்து, 1994இல் முடிவு வெளியான ஓர் ஆய்வு உண்டு. ‘போர் எஸ்’ என்று சுருக்கமாக அழைப்பர். ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலி நோயோ வந்த 4,444 பேர் அதில் பங்கேற்றனர். வெற்று மருந்து பெற்ற 2,223 பேரில் 256 பேர் இறந்தனர். சிம்வாஸ்டேட்டின் பெற்ற 2,221 பேரில் 182 பேர் இறந்தனர். கவனித்த காலம் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள்.

இந்த ஒரே முடிவை மூன்று விதமாகச் சொல்லலாம்.

முதலாவது: இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. இது ஒப்பீட்டு இடர்க் குறைவு. வெற்று மருந்துக் குழுவில் இறக்கும் இடர் நூறு பங்கு என்றால், மருந்துக் குழுவில் அது எழுபது பங்கு என்பது இதன் பொருள்.

இரண்டாவது: நூற்றுக்கு 11.5 பேராக இருந்த இறப்பு 8.2 பேராகக் குறைந்தது, வேறுபாடு 3.3 பேர். இது தனி இடர்க் குறைவு. காக்காவின் உறவினர் காட்டிய மூன்று இத்தகைய கணக்கிலிருந்து வந்ததே.

மூன்றாவது: 30 பேர் ஐந்தரை ஆண்டுகள் மாத்திரை எடுத்தால் அவர்களுள் ஓர் இறப்பு தவிர்க்கப்படுகிறது. நூறை 3.3ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். ஒருவர் பயன்பெற எத்தனை பேருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்ற இந்த எண்ணை ஆங்கிலத்தில் என்.என்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள்.

மூன்றும் உண்மை. விற்பவர் முதலாவதைச் சொல்வார்; எதிர்ப்பவர் இரண்டாவதைச் சொல்வார். காக்கா செய்த பிழை, பொடியின் ஐம்பதையும் மாத்திரையின் மூன்றையும் ஒரே தராசில் வைத்ததுதான். ஒன்று இரத்தத்தில் உள்ள கொழுப்பின் விழுக்காடு. மற்றொன்று நூறு மனிதர்களில் காப்பாற்றப்பட்ட உயிர்களின் எண்ணிக்கை. படியால் அளந்ததையும் முழத்தால் அளந்ததையும் ஒப்பிட்டு விலை பேச முடியுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவிலும் நடைப்பயிற்சியிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்ட குழுவில் அது 39.3. மெட்பார்மின் மாத்திரை பெற்ற குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழுவில் 39.5. அதாவது, இரண்டையும் சேர்த்ததனால் கூடுதல் நன்மை தென்படவில்லை.

வாழ்க்கைமுறை மாற்றத்தின் ஒப்பீட்டு இடர்க் குறைவு இங்கே 28.5 விழுக்காடு. மேலே சொன்ன 30 விழுக்காட்டுக்கு மிக அருகில் உள்ளது. ஆனால் என்.என்.டி. எண்ணோ 6.4 மட்டுமே. ஏன்? நம் மக்களிடையே, அந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் இடர் தொடக்கத்திலேயே மிக அதிகமாக இருந்தது. அங்கே தவிர்க்கப்பட்டது இறப்பு, இங்கே தவிர்க்கப்பட்டது நோய் என்ற வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. ஆகவே ஒரு விழுக்காட்டைக் கேட்டவுடன், ‘மருந்தில்லாமல் இருந்தால் நூற்றுக்கு எத்தனை பேருக்கு வரும்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். மருந்தின் தீங்குகளையும் அதே நூற்றுக் கணக்கில் கேட்பதே நியாயமான ஒப்பீடு.

பி மதிப்பு என்பது என்ன?

மருத்துவக் கட்டுரைகளில் ‘பி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 0.05, 0.01 போன்ற எண்கள் வரும். நாணயம் ஒன்றைச் சுண்டுகிறேன். தொடர்ந்து நான்கு முறை தலை விழுகிறது. நேர்மையான நாணயத்தில் அப்படி விழ 16இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்து முறையும் தலை என்றால் 32இல் ஒரு வாய்ப்பு. பத்து முறையும் தலை என்றால் 1,024இல் ஒரு வாய்ப்பு. பத்தாவது சுண்டலுக்குப் பிறகு, ‘இது நேர்மையான நாணயந்தானா?’ என்று நீங்கள் ஐயுறுவீர்கள். பி மதிப்பு அந்த ஐயத்தை அளக்கும் கருவி.

மருந்துக்கு எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஆய்வில் கண்ட அளவு வேறுபாடோ அதைவிடப் பெரிய வேறுபாடோ தற்செயலாகவே தோன்றுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதே பி மதிப்பு. போர் எஸ் ஆய்வில் அது 0.0003, பத்தாயிரத்தில் மூன்று. 0.05, அதாவது இருபதில் ஒன்று என்ற எல்லை, ஆர்.ஏ. பிஷர் 1925இல் வெளியிட்ட நூலின் வாயிலாகப் பரவியது. அதற்குக் கீழே வந்தால் ‘புள்ளியியல் முக்கியத்துவம் உடையது’ என்பர். அந்த எல்லை மனிதர்கள் தம் வசதிக்காக இட்ட கோடு, இயற்கை இட்டதன்று.

இங்கே இரண்டு தவறான புரிதல்களைத் தவிர்க்க வேண்டும். பி மதிப்பு 0.04 என்றால் மருந்து பலிக்க 96 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று பொருளன்று. படித்தவர்களும் இடறுகின்ற இடம் இது. அடுத்து, புள்ளியியல் முக்கியத்துவம் வேறு, வாழ்க்கையில் முக்கியத்துவம் வேறு. பல்லாயிரம் பேரிடம் சோதித்தால் அற்ப வேறுபாடும் மிகச் சிறிய பி மதிப்பைத் தரும். வேறுபாடு உண்டா என்பதற்கே அது பதில்; எவ்வளவு என்பதற்கு அன்று.

நம்பிக்கை இடைவெளி

‘எவ்வளவு’ என்பதற்குப் பதில் தருவது நம்பிக்கை இடைவெளி. போர் எஸ் ஆய்வில் இறப்பின் ஒப்பீட்டு இடர் 0.70 என்று கண்டோம். அதற்கு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.58 முதல் 0.85 வரை. இதே முறையில் ஆய்வுகளைத் திரும்பத் திரும்ப நடத்தி ஒவ்வொன்றிலும் இடைவெளியைக் கணக்கிட்டால், நூற்றில் 95 இடைவெளிகள் உண்மை மதிப்பைத் தம்முள் கொண்டிருக்கும் என்பது இதன் கருத்து. எளிமையாகச் சொன்னால், இந்த ஆய்வோடு பொருந்தி வரக்கூடிய மதிப்புகளின் எல்லை அது. 1 என்பது ‘வேறுபாடில்லை’ என்பதைக் குறிக்கும். இடைவெளி முழுவதும் 1க்குக் கீழே இருப்பதால் மாத்திரையின் நன்மையை நம்ப இடமிருக்கிறது.

கொரோனாக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2020இல் நடந்த ‘ரிகவரி’ ஆய்வில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் நூற்றுக்கு 27 பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் நூற்றுக்கு 25 பேரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். இடர் விகிதம் 1.09, இடைவெளி 0.97 முதல் 1.23 வரை. இடைவெளிக்குள் 1 அடங்கியிருக்கிறது. எனவே நன்மை உண்டு என்று சொல்லச் சான்றில்லை. அதே ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 22.9 பேரும், பெறாதவர்களில் 25.7 பேரும் இறந்தனர். இடைவெளி 0.75 முதல் 0.93 வரை. இதில் 1 அடங்கவில்லை. ஒன்று பேர் பெற்றது, மற்றொன்று உயிர் காத்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது பெரிய எண்ணிக்கையும் சமவாய்ப்பு ஒதுக்கீடுமே.

விலகியவர்கள் எங்கே போனார்கள்?

அந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு அவ்வளவு பேர் எப்படி வந்தது? 2020 மார்ச்சில் பிரான்சிலிருந்து வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு அதற்குப் பெருங்காரணம். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு ஆறாம் நாளில் கிருமி நீங்கியதாகவும், பெறாதவர்களில் நூற்றுக்கு 12.5 பேருக்கே நீங்கியதாகவும் அது கூறியது. நோயாளிகள் சமவாய்ப்பில் பிரிக்கப்படவில்லை. மருந்து பெறத் தொடங்கியவர்கள் 26 பேர். கணக்கில் சேர்க்கப்பட்டவர்களோ 20 பேர். மீதி ஆறு பேர் என்ன ஆனார்கள்? மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டனர், ஒருவர் இறந்தார், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார், ஒருவர் மருத்துவமனையை விட்டுச் சென்றார். மிகவும் கவனிக்கப்பட வேண்டியவர்களே கணக்கிலிருந்து நீங்கிவிட்டார்கள். அந்தக் கட்டுரை 2024 டிசம்பரில் இதழிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

ஆகவேதான், ஒரு குழுவில் ஒதுக்கப்பட்டவர் மருந்தை முழுதாக எடுத்தாலும் பாதியில் விட்டாலும் அந்தக் குழுவின் கணக்கிலேயே அவரை வைத்திருக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. ‘ஒதுக்கியபடியே கணக்கிடுதல்’ என்று இதைச் சொல்லலாம். கடையில் நட்டமான சரக்குகளை ஏட்டில் எழுதாமல் விட்டால் இலாபம் பெரிதாகத்தான் தெரியும்.

பிரித்துப் பிரித்துப் பார்த்தால்

ஆய்வின் மொத்த முடிவு சாதகமாக இல்லாதபோது, ‘பெண்களுக்கு மட்டும் பலித்தது’, ‘அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்குப் பலித்தது’ என்று உட்பிரிவுகளில் தேடுவார்கள். பயனே இல்லாத மருந்தாயினும், தனித்தனியான இருபது உட்பிரிவுகளில் 0.05 என்ற எல்லையை வைத்துத் தேடினால், ஏதேனும் ஒன்றிலாவது போலியான பயன் தோன்ற நூற்றுக்கு 64 வாய்ப்பு உண்டு.

1988இல் வெளியான ‘ஐசிஸ் 2’ ஆய்வில் மாரடைப்பு வந்த 17,187 பேர் பங்கேற்றனர். ஆஸ்பிரின் பெற்றவர்களில் இதய, இரத்தக் குழாய் நோய்களால் ஐந்து வாரத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு 9.4, பெறாதவர்களில் 11.8. ஐயத்துக்கு இடமில்லாத பயன். ஆயினும் உட்பிரிவுத் தேடலின் ஆபத்தைக் காட்டுவதற்காக, ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த இராசிப்படி பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் இராசியினருக்கு ஆஸ்பிரின் சற்றே தீங்கு செய்வது போலவும், மற்றவர்களுக்குப் பெரும் நன்மை செய்வது போலவும் கணக்கு வந்தது. இராசியைப் பார்த்து எந்த மருத்துவரும் ஆஸ்பிரினை மறுக்க மாட்டார். அப்படியானால், வேறு உட்பிரிவுகளில் தோன்றும் வியப்புகளையும் அதே எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும்.

இத்தகைய தேடலுக்குத் தடை போடவே, ஆய்வு தொடங்கும் முன் அதன் முடிவுப் புள்ளியைப் பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் 2007இல் மருத்துவ ஆய்வுப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. எவரும் இணையத்தில் அதைப் பார்க்கலாம். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று சொல்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

நம்மில் யாரையேனும் ஓர் ஆய்வில் பங்கேற்க அழைத்தால் அஞ்சி ஓடவும் வேண்டாம், படிக்காமல் கையொப்பமிடவும் வேண்டாம். நமக்கு வெற்று மருந்து கிடைக்கக்கூடுமா, அப்படிக் கிடைத்தால் வழக்கமான சிகிச்சை தொடருமா, எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, தீங்கு நேர்ந்தால் இழப்பீடு உண்டா என்று கேளுங்கள். 2019ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகள் பங்கேற்பவருக்கு இவ்வுரிமைகளைத் தந்திருக்கின்றன. முன்னர் பங்கேற்ற முகமறியா மனிதர்களின் நற்செயலால்தான் இன்று நாம் உட்கொள்ளும் ஒவ்வொரு நல்ல மருந்தும் நம் கைக்கு வந்திருக்கிறது.

நிறைவாக

வீட்டுக்குச் சென்ற பிறகு நினைவில் வைத்துக்கொள்ள ஆறு கேள்விகளைத் தருகிறேன். ஒப்பீட்டுக் குழு இருந்ததா? சமவாய்ப்பில் பிரித்தார்களா? அளந்தது நோயாளியின் நலனையா, பரிசோதனைத் தாளின் எண்ணையா? நூற்றுக்கு எத்தனை பேர் என்பது எத்தனையாகக் குறைந்தது? நம்பிக்கை இடைவெளி என்ன? சேர்ந்தவர்கள் அனைவரும் கணக்கில் இருக்கிறார்களா? இவற்றை உங்கள் மருத்துவரிடமும் கேட்கலாம். கேட்டுத் தெளியும் முன் எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

இனி, காக்காவின் கேள்வி. மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் இரண்டாவது மாரடைப்பு வந்திருக்காதா?

“தெரியாது காக்கா” என்றுதான் சொன்னேன். முப்பது பேரில் ஒருவரை அந்த மாத்திரை காக்கிறது என்று ஆய்வு சொல்கிறது. பெரும்பாலோர் மாத்திரை இல்லாமலும் அந்த ஐந்தரை ஆண்டுகளைக் கடந்திருப்பார்கள். இரண்டு மூன்று பேர் மாத்திரை எடுத்தும் இறந்திருப்பார்கள். காக்கப்பட்ட அந்த ஒருவர் யார் என்பது அவருக்கே தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. காக்கா நிறுத்தினார், நோய் வந்தது. ஆகவே நிறுத்தியதால்தான் வந்தது என்று நான் சொன்னால், பொடி விற்றவர் செய்த அதே பிழையை நானும் செய்தவனாவேன். ஒருவருக்கு நடந்ததைக் கொண்டு மருந்தை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

“ஆனால் காக்கா, நடந்ததற்குக் காரணம் தெரியாவிட்டாலும், இனி நடக்க வேண்டியதைத் தீர்மானிக்க இந்தக் கணக்கு போதும். அந்த முப்பது பேரில் நீங்களும் ஒருவர். காக்கப்படுகிறவர் யார் என்று தெரியாததனால்தான் முப்பது பேரும் எடுக்க வேண்டியிருக்கிறது” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இதை அன்றைக்கே உன்னிடம் கேட்டிருக்கலாம்” என்றார். அன்றிலிருந்து மாத்திரையை விடவில்லை.

அவர் கேட்கவில்லை என்பது உண்மை. நானும் ஒருநாளும் சொன்னதில்லை என்பதும் உண்மை. கல்லூரியில் எத்தனையோ மாணவர்களுக்கு இதைக் கற்பித்தேன். என் வீட்டுத் திண்ணையில் ஒருமுறையும் பேசவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இன்று உங்கள் முன் நின்றேன். நீங்களும் உங்கள் வீட்டில் மருந்து உட்கொள்ளும் பெரியவர்களிடம் இன்றே பேசுங்கள். அவர்கள் எதை எடுக்கிறார்கள், எதை நிறுத்திவிட்டார்கள், யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று கேளுங்கள்.